மசுக்கு தெருவில் இருபது கையெழுத்து

எல்லாவற்றுக்கும் ஆரம்பம் ஒரு மணப்பெண்ணின் இடுப்பளவு.

என் மனைவி கசோண்டே தையல்காரி. எங்கள் செம்புச் சுரங்க ஊரான கிட்வேயில், சிட்டெங்கே என்ற அச்சுத் துணியில் அவள் கைபட்ட உடுப்பு இல்லாமல், கல்யாணத்துக்கு முன்னால் பெண்ணுக்கு நடத்தும் ஒரு கிச்சன் பார்ட்டியும் நடந்ததில்லை. பிழைப்புக்காக வெளிநாடு போன நம் பெண்களும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அந்தப் பக்கம் பெண் டேப்பைச் சுற்றிக்கொண்டு போன் முன்னால் நிற்பாள், இந்தப் பக்கம் இவள் எழுதிக்கொள்வாள். அப்படித்தான் அன்று பக்கத்து நாட்டுக் கேபரோனியிலிருந்து நாமுகோலோ என்ற பெண் அளவு சொல்லிக்கொண்டிருந்தாள்.

"மார்பு முப்பத்தெட்டு. இடுப்பு, அக்கா, நாப்பத்தி..."

அதோடு படம் நின்றது. ஒரு கண் மூடி, வாய் திறந்தபடி நாமுகோலோ உறைந்துபோனாள். கசோண்டே போனைக் கூரைப் பக்கம் தூக்கினாள், மாமரத்துப் பக்கம் காட்டினாள், தர்பூசணியைத் தட்டிப் பார்ப்பதுபோலத் தட்டினாள். ஒன்றும் நடக்கவில்லை. மறுநாளும் லைன் கிடைக்கவில்லை. பொதி கொண்டுபோகிற பஸ் மூன்றாம் நாள் கிளம்புகிறது. அந்த உறைந்த முகத்தின் கன்னத்தை உற்றுப் பார்த்து, "இந்தக் கன்னத்துக்கு நாப்பத்தொண்ணுதான்" என்று முடிவுசெய்து வெட்டினாள்.

நாமுகோலோவின் இடுப்பு நாற்பத்தாறு.

கிச்சன் பார்ட்டியில் மத்தளம் முழங்க, மாமியார் கூட்டத்துக்கு முன்னால் பெண் முழங்காலிட்டபோது, உடுப்பு பின்பக்கம் மேலிருந்து கீழ்வரை பிளந்தது. அந்த வீடியோ மட்டும் எங்கேயும் நிற்காமல், ஒரு நொடி உறையாமல், எங்கள் போனுக்கு வந்து சேர்ந்தது.

இரண்டு நாள் அவளுக்கு ன்ஷிமாக் களி இறங்கவில்லை. மூன்றாம் நாள்தான் மஞ்சள் சட்டை போட்ட பிரிஸ்கா எங்கள் கேட்டைத் தட்டினாள். ஏதோ ஒரு இன்டர்நெட் கம்பெனியின் ஆள். கையில் தாள் கட்டு, வாயில் தேன்.

"அம்மா, இது காத்துல வர்ற நெட்வொர்க் இல்ல. கண்ணாடி இழை. மண்ணுக்கடியில குழாய்ல வரும். படம் நிக்காது, பேச்சு அறுபடாது."

"எப்போ வரும்?"

"இந்தத் தெருவுல இருபது வீடு கையெழுத்துப் போட்டா அடுத்த மாசமே தோண்டுவோம். ரெண்டு வாரம்தான் டைம். இல்லேன்னா கேபிள் அப்படியே ம்புண்டு தெருவுக்குத் திரும்பிரும்."

கடைசி வார்த்தை கசோண்டேக்கு முள்ளாகக் குத்தியது. பக்கத்து ம்புண்டு தெருக்காரர்கள் போன வருஷம்தான் தார் ரோடு வாங்கியிருந்தார்கள். அதிலிருந்து எங்கள் மசுக்கு தெருச் செம்மண்ணில் கால் வைக்கும்போதெல்லாம் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள்.

"தாளைக் குடு" என்றாள்.

முதல் வாரம் அவள் உண்மையைச் சொன்னாள். வேகமாக இருக்கும், தடைபடாது, நல்லது என்று வீடு வீடாகச் சொன்னாள். எல்லோரும் நாற்காலி போட்டு, குடிக்க முங்கோயோ கொடுத்து, "பாக்கலாம்" என்று அனுப்பிவிட்டார்கள். வாரக் கடைசியில் நான்கு கையெழுத்து.

"உண்மைக்கு இந்தத் தெருவுல நாலு வீடுதான்" என்றாள். "நாளைலேர்ந்து நீங்களும் என்கூட வாங்க."

"நான் எதுக்கு?"

"பேச வேணாம். தலையை மட்டும் ஆட்டுங்க. சுரங்கத்துல முப்பது வருஷம் ரயில் ஓட்டின தலைன்னு ஒரு மரியாதை இருக்குல்ல."

"நீ பொய் சொல்லப்போற. அதுக்கு நான் தலையாட்டணும்."

"யாரு பொய் சொல்றா? அவங்கவங்களுக்கு அவங்கவங்க உண்மையைச் சொல்லப்போறேன். அது இன்னும் நடக்கல, அவ்ளோதான்."

முதலில் பாஸ்டர் சிமுகோண்டா. தன் வீட்டுக் கார் ஷெட்டில் சபை நடத்துகிறவர். கசோண்டே குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"பாஸ்டர், நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. தெருமுனையில பார் நடத்துற கபாசா நெட் வாங்கப்போறார். ஞாயித்துக்கிழமை காலையிலயே பெரிய டிவியில பந்தாட்டம். உங்க ஆம்பளைங்க வருவாங்களான்னுதான் கவலையா இருக்கு."

பாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன்.

"நீங்க முந்திக்கிட்டா, உங்க பிரசங்கம் ஒவ்வொரு வீட்டு டிவியிலயும் வரும்."

கையெழுத்து. அங்கிருந்து நேராக கபாசாவின் பாருக்குப் போனோம்.

"அண்ணே, பாஸ்டர் நெட் வாங்கிட்டார். இனிமே பிரசங்கம் வீட்டுக்குள்ளயே வரப்போகுது. பொண்டாட்டிமார் புருஷனைப் பக்கத்துல உக்கார வெச்சுக் கதவைச் சாத்திட்டா, உங்க கடைக்கு யாரு வருவா?"

கபாசா கையிலிருந்த துணியைக் கீழே போட்டார். "நிஜமாவா, லோம்பே அப்பா?"

எங்கள் மூத்தவள் பெயர் லோம்பே. அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் எனக்குப் பொய் சொல்ல வராது. ஆனால் பாஸ்டர் கையெழுத்துப் போட்டது உண்மைதானே. ஆட்டினேன்.

ஓய்வுபெற்ற போலீஸ்காரர் சிவாலேக்கு உயிர் அவருடைய மாமரம். பழுக்கிற காலத்தில் இரவு பகலாகக் காவல் இருந்தும் பழம் குறைந்துகொண்டே வந்தது. "நெட் இருந்தா கேமரா மாட்டலாம். கட்டில்ல படுத்துக்கிட்டே போன்ல மரத்தைப் பாக்கலாம். திருடன் மூஞ்சி மூக்குத்துவாரம் வரைக்கும் தெரியும்" என்றாள் கசோண்டே. அவர் பேனாவைத் தேடி உள்ளே ஓடினார்.

எதிர் வரிசையில் கலுபா அம்மா. மகன் கலுபா கடல் தாண்டிப் பெர்த் நகரத்தில் இருக்கிறான். மாதத்துக்கு ஒருமுறை கூப்பிட்டு, "அம்மா, உங்க பக்கம் நெட்வொர்க் சரியில்ல, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுவான்.

"இது வந்துட்டா அந்தச் சாக்கு செல்லாது" என்றாள் கசோண்டே.

கலுபா அம்மா உடனே தாளை வாங்கிப் பேரை எழுதினாள்.

ஒரு வீட்டில் பரீட்சை என்றாள், ஒரு வீட்டில் கோழிக்குஞ்சு வைத்தியம் என்றாள். ஒரு வீட்டில் ஒன்றுமே சொல்லாமல், "ம்புண்டு தெரு" என்று மட்டும் சொல்லிப் பெருமூச்சு விட்டாள். பதின்மூன்றாம் நாள் பத்தொன்பது வீடு ஆகிவிட்டது. மிச்சமிருந்தவர்களில் அசையக்கூடிய ஆள் ஒருவர்தான். ஜெரே.

ஜெரே ங்கோனி இனத்துக்காரர், நாங்கள் பெம்பா இனம். பாட்டன் காலத்துச் சண்டையின் மிச்சமாக எங்களுக்குள் கேலிமுறை உண்டு. அத்தை மகன், மாமன் மகள் மாதிரி வாயில் வந்ததைச் சொல்லலாம், யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. அவருக்கு நாங்கள் குரங்கு தின்னிகள், எங்களுக்கு அவர் எலி தின்னி. பெம்பாக்காரி சொல்கிற எதையும் நம்புவதில்லை என்பது அவர் கொள்கை.

கசோண்டே அவர் கேட்டுக்கு முன்னால் தாள் கட்டோடு மூன்று தரம் போனாள், மூன்று தரம் வந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான்காம் தரம் அவரே எட்டிப் பார்த்தார்.

"ஏ குரங்கு தின்னி! ஊரெல்லாம் போற, என் வீடு கண்ணுக்குத் தெரியலியா?"

"உங்களுக்கு எதுக்கு இதெல்லாம்? குழி தோண்டுற அன்னிக்குச் சொல்லி அனுப்பறேன். எலி வந்தா எடுத்துக்கோங்க."

"எனக்கு வேணுமா வேணாமான்னு நீ என்ன சொல்றது?"

"நான் சொல்லல. கம்பெனிக்காரங்க சொல்றாங்க. அறுபதுக்கு மேல ஆனவங்களுக்கு வேணாமாம். பாவம், பழக வராதாம்."

ஜெரே என்னைப் பார்த்தார். எனக்கு அறுபத்திரண்டு. ஆட்டினேன்.

"குடு அந்தத் தாளை!" என்று கேட்டுக் கம்பி வழியாகவே பிடுங்கினார். எங்கள் தெருவிலேயே மிகப் பெரிய கையெழுத்து அதுதான். இரண்டு கட்டத்தைத் தாண்டிப் போயிருந்தது.

சொன்னபடியே மறுமாதம் ஆட்கள் வந்து செம்மண்ணைக் கீறி, ஆரஞ்சுக் குழாயைப் புதைத்து, மூடிவிட்டுப் போனார்கள். இருபது வீட்டிலும் பச்சை விளக்கு மினுக்கும் பெட்டி ஏறியது. ஒரு மாதம் தெருவே சத்தமில்லாமல் சந்தோஷமாக இருந்தது. எல்லோரும் உள்ளே இருந்ததால் யாரும் யாரோடும் பேசிக்கொள்ளவில்லை. அதுதான் கசோண்டேயைக் காப்பாற்றி வந்தது.

பிறகு மின்சாரம் எடுக்கிற அணை ஏரியில் தண்ணீர் இறங்கிவிட்டது என்று சொல்லி மின்சாரத்தை எட்டு மணி நேரம் நிறுத்த ஆரம்பித்தார்கள். அது ஒரு சனிக்கிழமை காலை. பச்சை விளக்குகள் அணைந்தன. ஒவ்வொரு வீடாகக் கதவு திறந்தது. கரி அடுப்பை வெளியே வைத்துவிட்டு, ஆளாளுக்கு ஒரு நாற்காலியோடு சிவாலேயின் மாமரத்தடிக்கு வந்து சேர்ந்தார்கள்.

பேச்சை ஆரம்பித்தது கலுபா அம்மா. "என்னமோ கசோண்டே சொன்னான்னு வாங்கினேன். இப்போ என் பையன் பெர்த்துல நெட்வொர்க் மோசம்ங்கறான்."

"உங்களுக்கு மகனைச் சொன்னாளா?" என்றார் பாஸ்டர். "என்கிட்ட கபாசாவைச் சொன்னா."

"என்னைச் சொன்னாளா?" கபாசா எழுந்துவிட்டார். "என்கிட்ட உங்களையில்ல சொன்னா!"

ஐந்தாவது நிமிஷம் எங்களுக்கு ஆள் வந்தது.

கசோண்டே கழுத்தில் டேப்போடு அப்படியே வந்தாள். நான் பின்னால். சிவாலே நடுவில் உட்கார்ந்து போலீஸ் குரலை எடுத்தார். "கசோண்டே, இந்தத் தெருவை ஏமாத்தினதா உன்மேல புகார். என்ன சொல்ற?"

"ஏமாந்தவங்க யாருன்னு முதல்ல தெரியணும், ஐயா. உங்களையே எடுத்துக்குவோம். கேமரா மாட்டினீங்களா?"

"மாட்டினேன்."

"திருடன் மூஞ்சி தெரிஞ்சுதா?"

சிவாலே மரத்தைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவியைப் பார்த்தார். கேமரா மாட்டிய நாலாம் நாள் அவர் போனில் தெரிந்தது அந்த அம்மாவின் முகம்தான். கூடை நிறையப் பழத்தைப் பறித்து, மதில்மேல் எட்டி யாருக்கோ கொடுத்துக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டுக்கு ஐந்து வருஷமாக மாம்பழம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். அந்த அம்மா இப்போது பாவாடையில் இல்லாத தூசியைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"சொல்லுங்க ஐயா. இல்ல, நான் சொல்லவா?"

"என் புகாரை வாபஸ் வாங்கிக்கறேன்" என்றார் சிவாலே. "அடுத்தது."

பாஸ்டர் எழுந்தார். "எனக்குப் பிரச்சினை பிரசங்கம் இல்ல. சபை பெருகிட்டுதான் இருக்கு. ஞாயித்துக்கிழமை பிரசங்கத்துக்குக் கீழ முப்பது பேர் ஆமென் போடறாங்க, எல்லாம் ஆம்பளைங்க. ஆனா நீ என்கிட்ட சொன்ன முறை சரியில்ல."

"முப்பது ஆம்பளையா!" கசோண்டே கபாசா பக்கம் திரும்பினாள். "அண்ணே, ஞாயித்துக்கிழமை காலையில உங்க கடை நெட்லேர்ந்து எத்தனை ஆமென் போகும்?"

கபாசாவுக்கு இருமல் வந்தது. விஷயம் இதுதான். காலையில் அவர் பெரிய டிவியில் பாஸ்டரின் பிரசங்கத்தைத்தான் ஓடவிட்டார். கடைக்கு வந்தவர்கள் கடையின் இலவச நெட்டில் ஆளுக்கொரு ஆமென் போட்டுவிடுவார்கள். வீட்டிலிருக்கும் மனைவிமார் போனைத் திறந்தால் புருஷன் பெயர் பிரசங்கத்துக்குக் கீழே சுத்தமாக இருக்கும். அப்புறம் பந்தாட்டம். மரத்தடியில் இருந்த ஆண்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் செருப்பைப் பார்த்தார்கள்.

"எனக்கும் புகார் இல்ல" என்றார் கபாசா அவசரமாக. "இருந்ததில்ல."

பாஸ்டர் ஒரு நிமிஷம் யோசித்தார். அவர் முட்டாள் இல்லை. "எங்கேர்ந்து சொன்னாலும் ஆமென் ஆமென்தான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

கலுபா அம்மா மட்டும் எழுந்திருக்கவில்லை. கசோண்டேயே அவள் முன்னால் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். இத்தனை நேரம் இருந்த துள்ளல் முகத்தில் இல்லை.

"அக்கா, உங்க விஷயத்துல தப்பு என்மேலதான். அவன் பேசுவான்னு நான் சொல்லியிருக்கக் கூடாது."

"விடு" என்றாள் கலுபா அம்மா. "முன்னாடி கறுப்பா ஒரு நிழல் மாதிரிதான் தெரிவான். இப்போ படம் அவ்ளோ தெளிவு. நெட்வொர்க் மோசம்னு சொல்றப்போ காதைத் தொட்டான். சின்ன வயசுலேர்ந்தே பொய் சொன்னா காதைத் தொடுவான். நாலு வருஷம் கழிச்சு அந்தக் காதைப் பாத்தேன்." சிரித்தாள். "'கையைக் கீழ போடுடா'ன்னேன். பயந்துபோய் அரை மணி நேரம் பேசினான்."

அடுத்து ஜெரேதான் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்.

"எனக்கு வேணாம்னுதான் இவ சொன்னா. நானாத்தான் வாங்கினேன். அதனால புகார் இல்ல. ஆனா எங்கேயோ மோசம் போயிருக்கேன். எங்கேன்னுதான் தெரியல."

எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கும்போது மஞ்சள் சட்டை ஒன்று தெருவுக்குள் திரும்பியது. பிரிஸ்கா. பாஸ்டர் வீட்டு வாசலில் மேலே வந்துவிட்ட குழாயைப் பார்க்க வந்திருந்தாள். நாற்காலி போட்டார்கள், முங்கோயோ கொடுத்தார்கள்.

"அலைச்சல்" என்று நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். "ம்புண்டு தெருவுலயும் இதே கதைதான். குழாய் மேல வந்துருச்சு."

கசோண்டே கழுத்திலிருந்த டேப்பை உருவிக் கையில் எடுத்தாள். "ம்புண்டு தெருவுல ஏது குழாய்?"

"அவங்களுக்கும்தான் போட்டோமே, அம்மா. உங்களுக்கு ஒரு வாரம் முன்னாடியே. ரெண்டு தெருவுக்கும் ஒரே திட்டம்தான், போன வருஷமே முடிவானது."

"அப்போ இருபது கையெழுத்து? இல்லேன்னா அங்க போயிரும்னியே?"

பிரிஸ்கா வெட்கத்தோடு சிரித்தாள். "எல்லாத் தெருவுலயும் அப்படித்தாம்மா சொல்லுவோம். அங்க போய் உங்க தெருவைச் சொன்னேன்."

நான் கசோண்டேயைக் கட்டி முப்பத்தொரு வருஷம் ஆகிறது. அவள் வாயடைத்து நின்றதை அன்றுதான் பார்த்தேன். முதலில் ஜெரேதான் வெடித்தார். நாற்காலியிலிருந்து சரிந்து, தொடையில் அடித்துக்கொண்டு, கண்ணீர் வழிய, "குரங்கு தின்னியை ஒரு குட்டி ஏமாத்திருச்சு! ஐயோ, எங்க ஆளுங்களுக்கெல்லாம் போன் போடணுமே, கரண்ட் இல்லியே!" என்றார். மரத்தடி முழுக்கச் சிரித்தது. பாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

கசோண்டே டேப்பை மெதுவாகச் சுருட்டினாள். அந்தச் சுருட்டல் எனக்குத் தெரியும். துணியில் கத்தரிக்கோலை வைப்பதற்கு முன்னால் அப்படித்தான் சுருட்டுவாள்.

"நல்ல நேரத்துல வந்தே, பிரிஸ்கா" என்றாள். "இந்தக் கூட்டம் எதுக்குன்னு நெனச்சே? கரண்ட் போனா உங்க பெட்டி செத்துப்போயிடுது. இருபது வீடும் ஒரே நாள்ல கழட்டி உங்க ஆபீஸ் வாசல்ல வெச்சிரலாம்னு இப்போதான் முடிவாச்சு."

அப்படி ஒரு பேச்சே நடக்கவில்லை. பிரிஸ்கா சுற்றிலும் பார்த்தாள். ஒருவர் 'என்ன முடிவு?' என்று கேட்டால் போதும்.

சிவாலே சட்டைப் பையிலிருந்து ஒரு மடித்த தாளை எடுத்தார். அது மருந்துச் சீட்டோ என்னவோ. எட்ட வைத்துப் படிக்கிற மாதிரி, "தீர்மானம் ஒண்ணு. சனிக்கிழமை. ஏகமனதா" என்றார்.

"வேற கம்பெனிக்காரர் நேத்து என் கடைக்கு வந்திருந்தார்" என்றார் கபாசா. "ரொம்ப மரியாதையான பையன்."

"நாங்க இதைப் பத்தி ஜெபம் பண்ணினோம்" என்றார் பாஸ்டர்.

"ஆமா, நானும் கழட்டத்தான் போறேன்" என்றாள் கலுபா அம்மா. அவள் கை காதுக்குப் போயிருந்தது.

பிரிஸ்காவுக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. கடைசியாக ஜெரேயைப் பார்த்தாள். அவர் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "பாரும்மா, நான் ங்கோனி. இந்தப் பெம்பாக்காரி சூரியன் கிழக்கேன்னு சொன்னாலும் நான் வெளிய போய்ப் பாத்துட்டுதான் ஒத்துக்குவேன். ஆனா இது நிஜம்."

அதில் பிரிஸ்கா விழுந்தாள். எழுந்து மதில் ஓரமாகப் போய் ஆபீஸுக்குப் போன் பேசினாள். கையை ஆட்டி ஆட்டி நெடுநேரம் பேசினாள். திரும்பி வந்து, "மூணு மாசம் இரட்டை வேகம். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு சின்ன பேட்டரி, கரண்ட் போனாலும் ஓடும். தயவுசெஞ்சு கழட்டாதீங்க. ம்புண்டு தெருவுக்குச் சொல்லாதீங்க" என்றாள்.

"யோசிக்கிறோம்" என்றாள் கசோண்டே.

பிரிஸ்கா தெருமுனை திரும்பும்வரை யாரும் மூச்சு விடவில்லை. பிறகு எழுந்த சத்தத்தில் மரத்திலிருந்த காக்கைகள் பறந்தன. விசாரணை என்ன ஆயிற்று, தீர்ப்பு என்ன என்று யாரும் கேட்கவில்லை. கபாசா கடையைத் திறந்தார். நான் மட்டும் பாஸ்டரை ஓரமாக அழைத்து, "எப்போ ஜெபம் பண்ணினீங்க?" என்று கேட்டேன்.

"அவ பேச ஆரம்பிச்சப்போ" என்றார் பாஸ்டர். "'கர்த்தாவே, இது பலிக்கணும்'னு."

வியாழக்கிழமை பேட்டரிகள் வந்தன. அடுத்த முறை மின்சாரம் போனபோது ஒரு பச்சை விளக்கும் அணையவில்லை, ஒரு கதவும் திறக்கவில்லை. மாமரத்தடியில் ஜெரே மட்டும் நாற்காலியோடு வந்து உட்கார்ந்திருந்தார். தெருவை இப்படியும் அப்படியும் பார்த்தார். வம்புக்கு ஒரு ஆள் கிடைக்கவில்லை. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

கொஞ்ச நேரத்தில் எங்கள் போன் அடித்தது. எடுத்தால் திரை முழுக்க ஜெரேயின் மூக்கு.

"ஏ, அவளைக் கூப்பிடு!"

தையல் மெஷினில் இருந்த கசோண்டே திரும்பிக்கூடப் பார்க்காமல், "யாரு, எலியா? போனுக்குள்ள எப்படிப் பூந்துச்சு?" என்றாள்.

"குரங்குக்கு நூல் கோக்கத் தெரியுதே, அதிசயம்தான்!"

எங்கள் கேட்டிலிருந்து அவர் கேட்டுக்கு நாற்பது அடிகூட இருக்காது. போனில் ஒரு தரமும் ஜன்னல் வழியாக ஒரு தரமும் எல்லாம் இரண்டு தரம் காதில் விழுந்தது. அவளுக்கு இரண்டு கையிலும் வேலை. அதனால் அரை மணி நேரமாகப் போனை அவள் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றது நான்தான். நடுவில் ஒருமுறை என்னிடம் திரும்பி, "நேராப் பிடிங்க. நான் சொன்னதுக்கு அவர் மூஞ்சி போன போக்கைப் பாக்க வேணாமா?" என்றாள்.